குனியாத அத்தாவும் ஜப்பானிய வணக்கமும்

எங்கள் அத்தா, அதாவது அப்பா, ஏற்காடு கடைவீதியில் மிளகு, ஏலக்காய், காபித்தூள், தைலம் எல்லாம் விற்கிறவர். மலையேறி வருகிற கூட்டத்திடம் தெலுங்கில் ஒரு வாக்கியம், கன்னடத்தில் ஒரு வாக்கியம், இந்தியில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று பேசுவார். எல்லா மொழியிலும் அது ஒரே வாக்கியம்தான்: “மோந்து பாருங்க, பிடிச்சா வாங்குங்க.” அதற்கு மேல் அந்த மொழிகளோடு அவருக்கு எந்தச் சகவாசமும் இருந்ததில்லை. அதனால் நான் ஜப்பானிய மொழி படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் மறுப்பே சொல்லவில்லை. கடைக்கு ஒரு வாக்கியம் கூடும் என்று நினைத்திருப்பார்.

நான் நர்சிங் முடித்தவள். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் ஆள் தேவைப்படுகிறது, மொழி தெரிந்தால் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சேலத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். காலையில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு “ஒஹயோ கொஸாய்மாஸ், ஒஹயோ கொஸாய்மாஸ்” என்று முணுமுணுத்தபடியே இறங்குவேன். காலை வணக்கம் என்று பொருள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகலூர்க்கார அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், “ஏங்கண்ணு, வாந்தி வருதா?” என்று கேட்டுப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். வாங்கி மோந்துகொண்டே மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

எப்படியோ தேர்வில் தேறினேன். ஜப்பானின் வடக்கே, பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊரில் இருக்கும் இல்லத்துக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சந்திப்புதான் பாக்கி. முன்பு எங்கிருந்தோ போன ஒரு பெண், வீட்டார் தினமும் போனில் அழுது அழுது, போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாளாம். அதிலிருந்து பெண்ணைப் பெற்றவர்களை வீடியோவில் முகம் பார்த்து, அனுப்பச் சம்மதமா என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே “சரி” வந்தால்தான் வேலை உறுதி. அம்மாவின் சரி தயாராக இருந்தது. அத்தாவின் சரி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஊட்டு ஆளுங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுத்துருங்க. அவங்க பாஷையில வணக்கம் சொன்னா மனசு கரைஞ்சு போயிருவாங்க” என்றார் சேலத்து ஆசிரியர். அவர் ஜப்பானில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வீட்டில் பாடம் நடத்தும் யோசனை இப்படித்தான் வந்தது. நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது. முதியோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அடுத்தவர் வீட்டு முதியோரிடம் எனக்குக் கோபம் வருவதில்லை, எங்கள் வீட்டாரிடம் மட்டும்தான் வருகிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து அத்தா மாடிக்கு வருவார். அம்மா இருப்பார். அம்மாவின் தம்பி, ஜீப் ஓட்டுகிற மாமா, கரடியூருக்கோ நாகலூருக்கோ ஒரு நடை போய்விட்டு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். மூன்று பேரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துப் பாடம் ஆரம்பித்தேன்.

முதல் நாளே அத்தா, “ஒஹயோ கொஸாய்மாஸுங்க” என்றார்.

“ங்க வேண்டாங்கத்தா. கொஸாய்மாஸ்லயே மரியாதை இருக்கு.”

“அது அவங்க மரியாதை. நம்ம மரியாதைய யாரு வைக்கறது?”

ங்க அப்படியே இருந்தது. அடுத்து அவர் ஒரு சந்தேகம் கேட்டார். சந்திப்பு நடக்கிற நேரத்தில் நமக்குக் காலை, அவர்களுக்கு மதியம். காலை வணக்கம் சொல்வதா, மதிய வணக்கம் சொல்வதா? யாருடைய சூரியனுக்கு மரியாதை? நான் சேலத்து ஆசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் அவர். அம்மாதான் தீர்த்து வைத்தார். “ஊட்டுக்கு யாரு வர்றாங்களோ அவங்க பசிதான் கணக்கு. அவங்க மத்தியானச் சோறு தின்னுட்டு வர்றாங்க. மத்தியான வணக்கமே சொல்லுவோம்.” ஆக, ‘கொன்னிச்சிவா’ என்று முடிவானது.

அம்மாவுக்கு ‘சுமிமாசென்’ பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அதுதான், நன்றி சொல்லவும் சில சமயம் அதுதான், ஓட்டலில் ஆளைக் கூப்பிடவும் அதுதான் என்றதும், “ஒரே சட்டியில மீன்கொழம்பும் வச்சுப் பாயாசமும் வைக்கறதாட்டம் இருக்குது” என்றார். சாப்பிடும் முன் சொல்கிற ‘இததகிமாஸ்’ அத்தாவுக்குப் பிடித்திருந்தது. “நாம பிஸ்மில்லா சொல்றோம், அவங்களும் என்னமோ ஒண்ணு சொல்றாங்க. வாயில போடறதுக்கு முன்னால யோசிக்கிற ஜனங்க” என்றார். அன்றைக்கு எனக்கு நம்பிக்கை வந்தது.

மாமாவுக்கு ‘ஒட்சுகரேஸாமா’. வேலை முடிந்து கிளம்பும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. நொம்பக் களைச்சுப் போயிட்டீங்க, உங்க பாடு தெரியுது என்கிற மாதிரி. மாமா முதலில் தன் ஜீப்பிடம் சொல்லிப் பார்த்தார். பிறகு நாகலூர் எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்துவிட்டு வருகிற பெண்களை இறக்கிவிடும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர்கள் போய் எஸ்டேட் கணக்குப்பிள்ளையான ரைட்டரிடம் புகார் செய்துவிட்டார்கள், டிரைவர் ஏதோ வைகிறார் என்று. மாமா ரைட்டரிடம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. மறுநாள் அந்தப் பெண்கள் இறங்கும்போது அவரைப் பார்த்து, “நீதாண்ணா ஒட்சுகரேஸாமா” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்களாம். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

‘இத்தெகிமாஸ்’ சொல்லிக்கொடுத்த அன்றைக்குத்தான் முதல் சறுக்கல். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்வது, நம்மைப் போலவே ‘போயிட்டு வரேன்’ என்றுதான் பொருள் என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அத்தா தட்டைப் பார்த்துக்கொண்டே, “வரேன்னு சொல்லிட்டுப் போறவங்க எல்லாம் எப்ப வர்றாங்க?” என்றார். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் வெறும் பாடம்தானே நடத்தினேன்.

அதற்குப் பிறகுதான் குனிகிற பாடம். நிமிர்ந்து நின்று, இடுப்பிலிருந்து, முதுகு வளையாமல், கண் தரையைப் பார்க்க எப்படிக் குனிய வேண்டும் என்று ஆசிரியர் காட்டியபடியே காட்டினேன். அம்மா தலையை ஆட்டி ஒரு மாதிரி ஒப்பேற்றினார். மாமா தேவைக்கு மேலேயே குனிந்து மேசை முனையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது யாருக்குக் கண்ணு?”

“நாம பேசப் போறவங்களுக்குத்தாங்கத்தா.”

“இடுப்ப வளைக்கறது தொழுகையில மட்டுந்தான். வேற யாருக்கும் கெடையாது. நெஞ்சுல கை வச்சுக்கறேன், சிரிச்ச மொகமா இருக்கறேன். இடுப்பு வளையாது.”

இது புதிதாக முளைத்த கொள்கை இல்லை. பெரிய பெரிய அதிகாரிகள் கடைக்கு வந்தபோதும் அத்தா வலது கையை நெஞ்சில் வைத்து நிமிர்ந்தே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கீழே விழுந்த கடைச் சாவியைக்கூடக் குந்தி உட்கார்ந்துதான் எடுப்பார், ஆனால் அது கொள்கையா முட்டிவலியா என்று அம்மாவாலேயே சொல்ல முடியாது. கொஞ்சமே கொஞ்சம், கழுத்தளவு போதும் என்று பேரம் பேசினேன். “கொஞ்சமாக் குனிஞ்சாலும் குனிஞ்சதுதான்” என்றார். மிளகு விலையில்கூட அவர் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

ஆசிரியரைக் கேட்டேன். “கை நெஞ்சுல வச்சாலே போதும்னுதான் நினைக்கறேன். ஆனா...” என்றார். அந்த ‘ஆனா’ என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பெண்ணை அனுப்ப இஷ்டமில்லாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று அவர்கள் நினைத்துவிட்டால்? எங்கள் வழக்கம் இது என்று அவர்களிடமே ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எதையும் நேராகச் சொல்லி முடிக்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை.

அத்தாவும் அப்படித்தான். குனிய மாட்டேன் என்று அவர் சொன்னது சத்தியமான பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இன்னொன்றும் ஒளிந்துகொண்டிருந்தது. என்னை அனுப்ப அவருக்கு மனசில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் குனிய மாட்டேன், குனிய மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கடையிலேயே, வாடிக்கையாளர் ஏலக்காயை மோந்துகொண்டு நிற்கும்போதே, “அனுப்ப இஷ்டமில்லைன்னு நேராவே சொல்லிருங்கத்தா” என்று கத்திவிட்டேன். “நான் எப்பக் கண்ணு அப்புடிச் சொன்னேன்?” என்று அவர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

தீர்வு கண்டுபிடித்தது மாமா. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லாமே வளைவும் சரிவும்தான். “மச்சான் எதுக்குக் குனியோணும்? போனைச் சாய்ச்சா ஆச்சு” என்றார். முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர் போனை எடுத்து அத்தாவுக்கு எதிரே பிடித்து, அதன் மேல் பக்கத்தை மெதுவாகப் பின்னால் சாய்த்தார். திரையில் அத்தாவின் தலை பணிவாகக் கீழே இறங்கியது. நிமிர்த்தினார், தலை மேலே வந்தது. அத்தா இருந்த இடத்தில் அசையாமல் இருந்தார். ஆனால் திரையில் இருந்த அத்தா அப்படியொரு மரியாதையான மனிதராக இருந்தார்.

நாங்கள் அத்தாவைப் பார்த்தோம். “நான் ஒண்ணும் பண்ணலையே?” என்று உறுதி செய்துகொண்டார்.

“நீங்க சும்மா நில்லுங்க மச்சான். குனியறது போனு.”

“போன் குனிஞ்சா எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார் அத்தா. ஒருவர் சொன்னால் ஒருவர் மறுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான்கு பேரும் ஒத்துப்போனோம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சப்பாத்திப் பலகையில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். பலகையைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நிறுத்தி, பின்னால் மாமா தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வது. அங்கிருந்து அவருக்குத் திரை தெரியாது. எப்போது சாய்ப்பது என்று கேட்டார். “அவங்க மரியாதையாப் பேசினா பெரும்பாலும் மாஸ்னுதான் முடியும் மாமா. மாஸ் கேட்டாச் சாய்ங்க” என்றேன். ஒத்திகையில் நானே ஜப்பான்காரர்கள் மாதிரி பேசினேன். மாமா சாய்த்தார், அத்தா இறங்கினார், ஏறினார். எல்லோருக்கும் திருப்தி. நாங்கள் அத்தாவின் முகத்தை மட்டுமே பார்த்தோம். அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடி பீரோ, மேலே இருந்த மின்விசிறி, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் எல்லாம் சேர்ந்து குனிந்து எழுந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த நாள் காலையில் வெளியே ஒரே மூடுபனி. சிக்னல் மட்டும் அதிசயமாக நன்றாக வந்தது. அத்தா சலவைச் சட்டையும் தொப்பியுமாக நின்றார். அம்மா பெருநாளுக்கு எடுத்த சேலை. நான் அவர்கள் நடுவில். திரையில் மூன்று பேர் தோன்றினார்கள். நடுவே இல்லத்தின் தலைவி, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய வயதான அம்மாள். ஒரு பக்கம் கோட்டு போட்ட இளைஞர், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் கிடையாது, நானே பேசவேண்டும், அதுவும் எனக்கு ஒரு பரீட்சை என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

“கொன்னிச்சிவாங்க” என்றார் அத்தா. கை நெஞ்சில் இருந்தது. மூவரும் முகம் மலர்ந்து தலை தாழ்த்தினார்கள்.

“ஹஜிமேமஷ்தேங்க” என்றார் அம்மா. முதல்முறை பார்க்கிறவர்களிடம் சொல்வது. அதுவும் நன்றாகவே போனது.

பிறகு அந்த அம்மாள், “யொரொஷிக்கு ஒனெகாய்ஷிமாஸ்” என்றார். இனி எங்களை நல்லபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரியான வார்த்தை. மாமாவின் காதில் ‘மாஸ்’ விழுந்தது. சாய்த்தார்.

ஒத்திகையில் மெதுவாகச் சாய்த்த மனிதர், நிஜம் என்றதும் பரபரப்பாகிவிட்டார். பலகை வெடுக்கென்று போய் வெடுக்கென்று வந்தது. எங்கள் மேசைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதுவும் சேர்ந்து ஆடியது. தலை தாழ்த்தி நிமிர்ந்த மூன்று ஜப்பான்காரர்களும் திரைக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இளைஞர் தன் பெயரைச் சொல்லி ‘மாஸ்’ என்று முடித்தார். பலகை போய் வந்தது. கண்ணாடி போட்ட பெண் தன் பெயரைச் சொன்னார். அதுவும் ‘மாஸ்’. இந்த முறை மாமா முட்டியால் மேசையை இடித்துவிட்டார், அதன் மேலிருந்த டீ கிளாஸெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டன. திரையின் மூலையில் எங்கள் வீட்டை நானே பார்த்தேன். மின்விசிறி இறங்கி வந்தது, பீரோ பின்னால் போனது, நடுவில் அத்தா நெஞ்சில் கை வைத்து நிம்மதியாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். “ஜிஷின்!” என்றார்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். நிலநடுக்கம். எங்கள் பாடப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது.

“யுரேத்தே இமாஸ்!” என்று கத்தினார் இளைஞர். ஆடுகிறது என்று பொருள். ஆனால் மாமாவுக்கு அதுவும் மரியாதைதான். சாய்த்தார்.

“மாத யுரேத்தே இமாஸ்!” இன்னும் ஆடுகிறதாம். மறுபடி சாய்த்தார்.

“மாமா, நிறுத்துங்க” என்று பல்லைக் கடித்தேன். அந்தக் கிளாஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவர்கள் பதறப் பதற வீடு ஆடியது, வீடு ஆட ஆட அவர்கள் பதறினார்கள். அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லி நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “அரிகதோ கொஸாய்மாஸுங்க” என்று நன்றி சொன்னார். பலகை ஆடியது. பிறகு, “இததகிமாஸுங்க” என்றார். நிலநடுக்கத்தின் நடுவே ஒரு குடும்பம் சாப்பிட உட்காரப் போகிறது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போன் குனிந்தது, அத்தா குனியவில்லை, பின்னால் மாமா இருக்கிறார் என்பதையெல்லாம் சொல்ல என் மொழி போதவில்லை. தெரிந்த மட்டில் சொன்னேன். “ஜிஷின் ஜா அரிமாசென். ஐசாத்சு தெஸ்.” நிலநடுக்கம் இல்லை. வணக்கம்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. பயத்தில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. அவர் இரண்டு கையையும் கீழ்நோக்கி வீசி வீசி, தொண்டை கிழிய, “ட்சுக்குவே நோ ஷித்தா! ட்சுக்குவே நோ ஷித்தா!” என்றார்.

“என்ன கண்ணு சொல்றாங்க?” என்று அத்தா கேட்டார்.

“மேசைக்குக் கீழ போகச் சொல்றாங்கத்தா.”

இது என்ன மரியாதை, எதற்கு என்று அத்தா கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அந்த அம்மாளின் குரல் உடைந்து போயிருந்தது, கண்ணில் நீர் நின்றது. அத்தா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு சொல்றாங்க, போயிருவோம்” என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக மேசைக்கு அடியில் நுழைந்தார். தொப்பி மேசை விளிம்பில் தட்டி விழுந்தது. அம்மா சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். நானும் போனேன். அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த மாமா நாங்கள் ஏன் வருகிறோம் என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பலகையோடு உள்ளே வந்துவிட்டார்.

நான்கு பேர், ஒரு சப்பாத்திப் பலகை, ஒரு போன். யாருக்கும் நிமிர இடமில்லை. இவ்வளவு நாள் குனிவதா வேண்டாமா என்று சண்டை போட்ட குடும்பம் மொத்தமும் தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தது. வீடு ஆடுவது நின்றுவிட்டது. திரைக்குள் மூவரும் பெருமூச்சு விட்டார்கள். தாயிஜோபு, தாயிஜோபு, ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் என்றார் அந்த அம்மாள். ஒருமுறை வந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும், கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள் என்றும் சொன்னார். வெளியே வந்தால் மரியாதையாக இருக்காது. இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். இந்த நிலைமையில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும், உன் தந்தைக்குச் சம்மதமா? நான் அத்தாவிடம் சொன்னேன். மேசைக்கு அடியில் இருட்டு, அத்தாவின் முகத்தில் போன் வெளிச்சம் மட்டும் விழுந்தது.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “கண்ணு, அவங்க எதுக்கு அந்தக் கத்துக் கத்துனாங்க?” என்றார்.

“நிலநடுக்கம்னு நெனச்சுட்டாங்கத்தா. நமக்கு என்னமோ ஆயிரும்னு.”

“நம்மள இதுக்கு முன்னால பாத்ததுகூட இல்ல.”

“இல்லீங்கத்தா.”

“பாத்த ஒடனே மேசைக்குக் கீழ போன்னு சொல்றாங்களே. அங்க அது அடிக்கடி வருமா?”

அம்மா என் கையைப் பிடித்தார். இந்தக் கேள்வி வராமல் இருக்கவேண்டும் என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். பனி பெய்யும், சுத்தமான ஊர், நல்ல மனிதர்கள் என்று எல்லாம் சொல்லியிருந்தேன், இதை மட்டும் யாரும் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை. “வருங்கத்தா” என்றேன்.

அத்தா தலையை ஆட்டினார். பிறகு, “அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அங்க அது வந்துச்சுன்னா, எம்பொண்ண யாரு கூப்புடுவாங்க, மேசைக்குக் கீழ வான்னு?” என்றார். குரல் கடைப் பேச்சு மாதிரி சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் கை மட்டும் தரையில் விழுந்த தொப்பியைத் தேடிக்கொண்டே இருந்தது.

எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைக் கோத்து, தப்பும் தவறுமாகக் கேட்டேன். நிலநடுக்கம். நான். யார் கூப்பிடுவார்கள்?

இளைஞர் ஏதோ சொல்ல வந்தார், நிலநடுக்க ஒத்திகை, விதிமுறை என்கிற மாதிரி. அந்த அம்மாள் அவரைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். ஆள்காட்டி விரலால் தன் மூக்கைத் தொட்டார். “வாதாஷி” என்றார்.

“மூக்குல என்னவாம்?” என்றார் அத்தா.

“நான்னு சொல்றாங்கத்தா. அந்த ஊர்ல நான்னா நெஞ்சத் தொட மாட்டாங்க, மூக்கத்தான் காட்டுவாங்க.”

அத்தா அந்த அம்மாளைப் பார்த்தார். அவரும் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு அத்தா என்னிடம் பேசாமல் திரையைப் பார்த்து, தமிழிலேயே, “அப்பச் சரிங்க. கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, நான்தான் சொல்லவேண்டும். எத்தனை மாதம் எத்தனை வளைவு இறங்கி ஏறி நான் கேட்கத் தவித்த சரி அது. இப்போது கையில் வந்ததும், வேண்டாம்னு சொல்லிருங்கத்தா, நான் இங்கயே இருந்துக்கறேன் என்று அவர் தோளில் சாய்ந்துவிடத் தோன்றியது. சரி என்பதற்கு அவர்கள் மொழியில் ‘ஹை’ என்று ஒரே ஒரு சின்ன வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது.